கடைசி சைக்கிளின் வேகம்

எங்கள் சைக்கிள் குழுவில் சட்டதிட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். கடைசியில் வருகிறவரை விட்டுவிட்டு யாரும் போய்விடக் கூடாது. வண்டி என்ன விலை, எத்தனை கியர், ஓட்டுகிறவருக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. கூட்டத்தின் வாலில் எப்போதும் அனுபவப்பட்ட ஒருவர் வருவார். பம்பு, மாற்று டியூப், ஸ்பேனர், வெட்டிவைத்த ஒட்டுத் துண்டுகள் எல்லாம் அவர் பையில் இருக்கும். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் நின்று, அவர் தலை தெரிந்த பிறகுதான் மறுபடி பெடலை மிதிப்பார்கள்.

திருச்சியில் ஞாயிறு விடியலில் கூடுகிற கூட்டம் இது. தலைவர், பொருளாளர், சந்தா எதுவும் கிடையாது. பெல் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர், காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர், ஒரு பல் மருத்துவர், வங்கிக்காரர்கள், கல்லூரிப் பையன்கள், நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்கள் சிலர். பெரும்பாலான வாரங்களில் முக்கொம்பு வரைக்கும், இல்லையென்றால் காவிரிக் கரையைப் பிடித்துக்கொண்டு கல்லணை வரைக்கும் போய், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் நீண்ட பயணம். மாசிக்கு நாங்கள் வைத்துக்கொண்ட வழி புதுக்கோட்டைச் சீமை. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, பிறகு இலுப்பூர், விராலிமலை வழியாகத் திரும்ப ஊர். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும்.

எங்களில் நாலைந்து பேர் பிரவே ஓட்டுகிறவர்கள். 1904-இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சுச் சங்கத்தின் விதிப்படி உலகம் முழுக்க நடக்கிற நெடும்பயணங்கள் அவை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பின்னாலேயே கார் வைத்துக்கொண்டு சாப்பாடு, தண்ணீர் கொடுக்கச் சொல்ல முடியாது. பஞ்சர் ஆனால் ஒட்டிக்கொள்வது அவரவர் பாடு. இந்த வகைப் பயணங்களுக்கெல்லாம் தாய், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து கடலோரப் பிரெஸ்ட் நகரம் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் வழி. அங்கே முதல் ஓட்டம் நடந்தது 1891-இல். அன்று அது பந்தயம். இன்றைக்கு அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் வந்துசேர்ந்த எல்லாரும் சமம். இரவெல்லாம் தனியாக மிதிக்கத் தெரிந்த இவர்கள்தான் எங்கள் குழுவில் முறைவைத்து வால் பிடிக்கிறார்கள். அறுநூறு கிலோமீட்டர் ஓட்டியவர், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் போகிற ஒருவருக்குத் துணையாக வருவார். நான் அவர்களிடம் மதிப்பது இதைத்தான்.

டி.வி.எஸ். டோல்கேட்டில் கூடி, விமான நிலையத்தைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. பின்விளக்குகளின் சிவப்பு மட்டும் வரிசையாகத் தெரியும். விடியலுக்கு முன் இந்தச் சாலையில் பேச்சு அதிகம் இருக்காது. முன்னால் இருப்பவர் பள்ளம் பார்த்துக் கையை இறக்கிக் காட்ட, அடுத்தவர் காட்ட, அந்தச் சைகை கடைசி வண்டி வரைக்கும் போகும். மாத்தூரில் மாவட்ட எல்லை. அங்கிருந்து மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். காவிரிப் பாசனத்தின் கறுப்பும் பச்சையும் போய், செம்மண்ணும் சரளையும், தைலமரத் தோப்பும், தனித்தனியாக நிற்கும் பனையும். பேருந்தில் போகிறவருக்கு இது சமதரை. சைக்கிளில் போனால் கால்தசைக்குத் தெரியும், இந்தச் சீமை மெல்ல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. ஒவ்வோர் ஏற்றத்தின் உச்சியிலும் ஒரு கண்மாய்க்கரை கண்ணில் படும். மழைத் தண்ணீரை நம்பிப் பிழைத்த நாடு. சரிகிற நிலத்தையெல்லாம் மறித்துக் கரை போட்டுவைத்திருக்கிறார்கள்.

கீரனூரில் இட்லி. மண்டிக்கார அண்ணன் எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டு முடித்துவிட்டு, வாலில் வந்த அக்காவுக்காக இலை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

நார்த்தாமலை ஒரே மலை அல்ல, ஒன்பது குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் கொள்ளாத இந்த ஊரில், மாசி ஞாயிற்றுக் காலையில் ஆடுகளும் நாங்களும்தான். வண்டிகளை அடிவாரத்தில் பூட்டிவிட்டு மேலமலைப் பாறையில் ஏறினோம். ஏறும் வழியில் தலையருவிச் சிங்கம் என்கிற சுனை. அதன் அடியில் குடைந்த கருவறைக்குள் ஒரு லிங்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. சுனை வற்றினால்தான் கண்ணில் படும். நாங்கள் போனபோது நீர் நிறைந்து, அல்லி இலை மூடியிருந்தது.

மேலே, விஜயாலய சோழீச்சுரம். பேர் சோழனுடையது என்றாலும் எடுப்பித்தது முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையன். மேற்குப் பார்த்த கோயில். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து வரும்படி சுற்றுவழி. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களில் சில மட்டும் நிற்கின்றன. பெரிய கோயில் மழையில் இடிந்துபோனதையும், மல்லன் விடுமன் என்கிறவன் திரும்பக் கட்டியதையும் வாசலருகே ஒரு கல்வெட்டு சொல்கிறது. கட்டியவன் பேருக்குப் பக்கத்தில் செப்பனிட்டவன் பேரும் கல்லில் ஏறியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. எதிரில் இரண்டு குடைவரைகள். பெரியதில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஆளுயரத்துக்கு, ஒரே வரிசையில். ஊர்க்காரர்கள் அதைச் சமணர் குடகு என்கிறார்கள். வெல்டர் அண்ணன் பாறை விளிம்பில் உட்கார்ந்து, "இத்தன வருசமா புதுக்கோட்டைக்கு பஸ்ல போயிருக்கேன். இந்தப் பாறையத் தெரியும். மேல இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலியே தம்பி" என்றார். அவர் ஆலைக்குப் போய்வந்த காலமெல்லாம் ஓட்டிய அதே கறுப்பு ஹெர்குலிஸில்தான் இன்றைக்கும் வருகிறார். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் ஆலையில் செய்த வண்டி.

அம்மாசத்திரம் பக்கத்தில் கல்குவாரி டிப்பர்கள் சிந்திப்போன ஜல்லி, சாலையோரமெல்லாம் கூர்கூராகக் கிடந்தது. கல்லூரிப் பையன் ஒருவனின் பின்சக்கரம் முதலில் பஞ்சர், அதோடு குழியில் இறங்கி ரிம்மும் கோணிவிட்டது. டியூபை நாங்களே மாற்றிவிட்டோம். கோணியதை நிமிர்த்த எங்களால் முடியவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிள் கடை. பெரியவர் ஒருவர் வண்டியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, ஹேண்டில்பாரையும் சீட்டையும் ஒரு சாக்கின் மேல் நிறுத்தினார். சக்கரத்தைச் சுழலவிட்டு, கட்டைவிரலை ஃபோர்க்கில் ஊன்றி, நகத்தை ரிம்முக்கு மயிரிழை தூரத்தில் வைத்தார். சக்கரம் சுற்ற, ஓர் இடத்தில் மட்டும் நகத்தில் ரிம் உரசும் சத்தம். அந்த இடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கினார். உரசிய பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தினார். மறுபடி சுழற்றினார். உரசல் குறைந்தது. மறுபடி. பையனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "கண்ணால பாக்காத. காதால கேளு" என்றார். கோட்டம் எடுத்து முடித்தபோது சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். எங்கள் குழு ஆண்டுக்கு ஒருநாள் ஓர் அரசுப் பள்ளியில் சைக்கிள்களைச் சரிசெய்து கொடுக்கிறது. அடுத்த முறை அந்தப் பெரியவரை அழைத்துவந்து மாணவர்களுக்குச் சொல்லித்தரச் செய்ய வேண்டும் என்று அங்கேயே பேசிவைத்துக்கொண்டோம்.

சித்தன்னவாசல் போகிற ஊர்ச்சாலையில் எதிரே பள்ளிச் சீருடையில் ஐந்தாறு பெண் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையும் சிறப்பு வகுப்பாம், அரசு கொடுத்த சைக்கிள்களில் வந்துகொண்டிருந்தார்கள். 2001-02-இல் பதினோராம் வகுப்புத் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. எங்கள் ஹெல்மெட்டுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் காலத்தில் இந்தச் சாலையில் ஒரு பெண் சைக்கிளில் போயிருந்தால் ஊரே நின்று வேடிக்கை பார்த்திருக்கும். அது மாறியது எப்படி என்று, குன்றின் அடிவாரத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மா வழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் சித்தன்னவாசல் ஓவியத்தைச் சொல்லிவிடுகிறேன். அறிவர் கோயில் சின்னக் குடைவரை. நிமிர்ந்து பார்த்தால் விதானத்தில் தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று பேர். நிறம் நிறைய உதிர்ந்துவிட்டது. இருந்தும் தாமரைத் தண்டின் வளைவைப் பார்த்தால், வரைந்தவன் குளத்தில் இறங்கிப் பூப்பறித்தவன் என்று சொல்லிவிடலாம். பாண்டியர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுக்கியதாகக் கல்வெட்டு உண்டு. குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். செங்குத்தான பாறையில் வெட்டிய படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குகைக்குள் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், தலையணை மேடு உட்பட, வழவழவென்று இருக்கின்றன. அதில் பெரிய படுக்கையில் தமிழி எழுத்து. எங்களில் முழங்கால் வலிக்காரர்கள் இருவர் இருந்தார்கள். இளவட்டங்கள் அவர்களை ஒவ்வொரு படியாகக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டித் திரும்பினார்கள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

இறங்கி வந்து மோர் குடிக்கும்போது, விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்கள் குழுவின் அக்கா ஒருவரைப் பார்த்துக் கேட்டார்.

"நீயும் இந்த வண்டியிலயா வந்த தாயி?"

"ஆமாம்மா, திருச்சியிலேர்ந்து."

"எப்ப கத்துக்கிட்ட?"

"போன வருசந்தான்."

அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க அறிவொளியில கத்துக்கிட்டோம். இடுப்புல கைப்புள்ள. வீட்டுக்காரரு சைக்கிளு, உசரமா பாரு வச்சது. பொழுது சாஞ்சதும் பள்ளிக்கூடத்துத் திடலுக்கு எடுத்துட்டுப் போவோம். ஒருத்தி புடிப்பா, ஒருத்தி ஓட்டுவா, மத்தவளுக புள்ளையப் பாத்துக்குவாளுக. விழுந்தா தூக்கிவிட அத்தன பேரு. தனியா இருந்திருந்தா நான் அதத் தொட்டிருக்கவே மாட்டேன்."

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பேருந்து போகாத ஊர்கள் ஏராளம். அங்கிருந்துதான் பெண்களுக்குச் சைக்கிள் என்கிற யோசனை பிடித்தது. எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாகவே பயிற்சி முகாம்கள் நடந்தன. பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் ஏற்பாடு செய்தார்கள். கேலி இல்லாமல் இல்லை, அசிங்கமாகவே பேசினார்கள். அதற்கு எதிர்வினையாக முகாமுக்குக் கூட்டம் கூடியது. குடுமியான்மலைக் கல்குவாரிகளில் கல் உடைக்கிற பெண்கள் கூடக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாகச் சொல்கிறது அவருடைய பதிவு. கடைகளில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்து, பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். சிலர் அதைத்தான் விரும்பியும் எடுத்தார்கள். குறுக்குப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே. மோர்க்கார அம்மாவும் அதையே சொன்னார்: "பாருல பெரியவ, பின்னாடி கேரியர்ல தண்ணிக்கொடம். பஸ்ஸுக்கு நின்ன காலம் அதோட முடிஞ்சிருச்சு."

நான் அன்றைக்கெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு மிதித்தேன். சைக்கிள் ஒருவர் ஏறுகிற வண்டி. ஆனால் அதில் ஏற ஒருவருக்குத் துணை வேண்டும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவர ஓர் ஆள், விழுந்தால் கேலி பேசாத ஒரு கூட்டம், "ஓட்டு, ஓட்டு, நான் பிடிச்சிருக்கேன்" என்று ஒரு குரல். சைக்கிள் குழு என்றால் விலை உயர்ந்த வண்டியும் இறுக்கிப் பிடித்த உடையும் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் இதுவரை இருந்த ஆகப் பெரிய சைக்கிள் குழு, பொழுது சாய்ந்தபின் பள்ளிக்கூடத் திடல்களில் கூடிய அந்தப் பெண்களுடையது. எங்கள் குழு அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த ஒன்று என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த உறவில்தான், நாங்கள் செய்கிற காரியங்களில் ஒன்றை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். சைக்கிள் தெரியாத பெரியவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு பள்ளித் திடலில் சொல்லித்தருகிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதல் வேலை, இரண்டு பெடலையும் கழற்றிவிடுவது. சீட்டை, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும் அளவுக்கு இறக்கிவிடுவோம். காலால் தரையை உந்தி உந்தி நகர வேண்டும். முதலில் எட்டு எட்டாக, பிறகு நீள எட்டுகளாக. ஒருகட்டத்தில் கால் தரையைத் தொடாமலே வண்டி பத்தடி, இருபதடி உருளும். நிலை பிடிபட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் பெடல். இந்த முறையில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் தேவையில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருப்பார். அறுபதைத் தொட்ட ஓர் ஆசிரியை, பெடல் மாட்டிய அன்றைக்குத் திடலை ஒரு சுற்று சுற்றி வந்து, இறங்காமல் மறுபடி சுற்றினார், மறுபடியும் சுற்றினார். நிறுத்தத் தெரியாமல் அல்ல. நிறுத்த மனம் வராமல்.

அன்னவாசலைக் கடந்து குடுமியான்மலை சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அண்ணா பண்ணையின் பச்சை கண்ணுக்கு ஆறுதல். சிகாநாதர் கோயில் மண்டபத்தில், கல்லில் உடம்பைச் சாய்த்து ஆளுக்கு அரைமணி படுத்தெழுந்தோம். தூண்களில் குதிரை வீரர்களும் ரதியும் மன்மதனும் ஆள் உயரத்துக்கு. இங்கே பார்க்க வேண்டியது பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு. ஏழெட்டாம் நூற்றாண்டு எழுத்து. ஏழு பண்களுக்கான சுர வரிசைகள், இசை பயில்கிறவர்களுக்காக, உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் வெட்டுவித்தது. கர்நாடக இசை படிக்கிற மாணவி ஒருத்தி எங்களோடு வந்திருந்தாள். வரிசையைக் கையால் தொடாமல் காற்றில் விரலை ஓட்டி, எங்கே ஒரு பண் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று காட்டினாள். கற்கிறவர்களுக்கென்று கல்லில் எழுதிய பாடப்புத்தகத்தின் முன்னால் நாங்கள் எல்லாரும் மாணவர்களாக நின்றோம்.

திரும்பும் வழி, சொன்னால் கொஞ்சம்தான். இலுப்பூரில் எலுமிச்சைச் சாறும் வாழைப்பழமும். அங்கிருந்து வடக்கே விராலிமலை வரை எதிர்காற்று. எதிர்காற்றில் தனியாகப் போகிறவர் வாடிவிடுவார். ஒருவர் பின்னால் ஒருவராக, சக்கரத்துக்குச் சக்கரம் நெருங்கிப் போனால், முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்குச் சுமை கணிசமாகக் குறையும். எங்கள் வழக்கம், தெம்பு உள்ளவர்கள் மட்டும் முறைவைத்து முன்னால் போவது. சில நிமிடங்களுக்கு ஒருவர் ஒதுங்கி வாலுக்குப் போக, அடுத்தவர் முன்வருவார். தளர்ந்தவர்கள் நடுவில். நான் நடுவில்தான் வந்தேன். எனக்கு முன்னால் போன பல் மருத்துவர் அவ்வப்போது தலையைத் திருப்பிப் பார்த்து, நான் சற்றுப் பின்தங்கினால் வேகத்தைக் குறைத்தார்.

விராலிமலையில் மயில்கள் சாலைக்கே வந்து நின்றன. மலைமேல் முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற ஊர் இது. ஏறிப் பார்க்க யாருக்கும் காலில் வலுவில்லை. மதுரைச் சாலையின் ஓரத்தில், லாரிகளின் காற்று தள்ளத் தள்ள, மிச்சத் தூரத்தையும் முடித்தோம்.

மாலை டீக்கடையில் அடுத்த மாதத்துக்கு வழி பேசினோம். கொடும்பாளூர் மூவர் கோயில் என்றார் ஒருவர், குன்றாண்டார்கோயில் என்றார் இன்னொருவர். வெல்டர் அண்ணன் இரண்டுமே வேண்டாம் என்றார். சித்தன்னவாசலுக்கே மறுபடி போக வேண்டும், சனிக்கிழமைத் திடலில் கற்றுக்கொண்டிருக்கிற பெண்களில் அதற்குள் ஓட்டப் பழகியவர்களைக் கூட்டிக்கொண்டு. அவ்வளவு தூரம் மிதிக்க முடியாதவர்களை வண்டியோடு அன்னவாசல் வரைக்கும் சின்ன யானை மினி லாரியில் ஏற்றிப்போவது, அங்கிருந்து அந்தச் சில கிலோமீட்டரை எல்லாரும் சேர்ந்து ஓட்டுவது, மோர்க்கார அம்மாவிடமும் ஒரு சைக்கிளைக் கொடுத்துக் கூட வரச்சொல்வது என்று முடிவாயிற்று. வாடகை யார் பேசுவது, எத்தனை வண்டி ஏறும், கேரியரில் கயிறு போட்டுக் கட்டினால் ஹேண்டில் உரசாமல் இருக்குமா என்று மண்டிக்கார அண்ணன் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்.